சைனஸா, அலர்ஜியா? அரிப்பும் நாட்கணக்கும்

மருந்துக்கடையில் போய் "அண்ணே, சைனஸுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் மறுகேள்வி கேட்பது அபூர்வம். லெவோசெட்ரிசினும் மாண்டிலுகாஸ்ட்டும் சேர்ந்த மாத்திரை ஒன்று, பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை ஒன்று, சில கடைகளில் கூடவே மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் என்று எல்லாம் ஒரு சின்னக் காகித உறைக்குள் வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் தொல்லை குறைந்தும் விடும். "எனக்கு சைனஸ் உண்டு, இந்த மருந்துதான் கேட்கும்" என்பது அதன்பின் வீட்டில் முடிந்துபோன தீர்ப்பு. அந்தச் செட்டில் வேலை செய்தது அலர்ஜி மாத்திரையா, வலி மாத்திரையா, ஆன்டிபயாடிக்கா, அல்லது எதுவும் போடாவிட்டாலும் ஆறியிருக்கக்கூடிய சாதாரணச் சளிதானா என்று பிரித்துப் பார்க்க வழியே இராது.

இந்த அத்தியாயத்தில் அந்தப் பிரிப்பைத்தான் செய்யப் போகிறோம். மூக்கு விஷயத்தில் நாம் பொதுவாக நம்புவது இரண்டு அடையாளங்களை: சளியின் நிறம், வலிக்கிற இடம். அதிகம் ஏமாற்றுபவையும் இவைதான். யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத வேறு இரண்டு உண்டு. அரிப்பு இருக்கிறதா? தொல்லை எத்தனை நாளாக, எந்தப் போக்கில் இருக்கிறது? விவரம் தெரிந்த டாக்டர் உங்கள் வாயிலிருந்து முதலில் வரவழைக்கப் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

முகத்துக்குள் காற்றறைகள்

மூக்கைச் சுற்றி எலும்புக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன: கன்னங்களில், நெற்றியில், இரு கண்களுக்கு நடுவில், மூக்குக்கு வெகு பின்னால் மண்டையின் அடிப்பக்கத்தில். இவற்றின் உட்சுவரில் எந்நேரமும் மெல்லிய சளிநீர் ஊறிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிறு துளை வழியாக மூக்கில் சேர்க்கும். அதிகம் சிக்கலுக்கு உள்ளாவது கன்னத்து அறை. வடிகாலை மேல் விளிம்பில் வைத்துக் கட்டிவிட்ட தொட்டி மாதிரி, அதன் துளை கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது; சளியை மேல்நோக்கி ஏற்றித்தான் வெளியேற்ற வேண்டும். சளி பிடிக்கும்போது துளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கினால் நீர் உள்ளேயே தேங்கும், அழுத்தம் கூடும், சில சமயம் பாக்டீரியா குடியேறும். சைனஸ் அழற்சி இப்படித்தான் வருகிறது. "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று ஊரில் சொல்வதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். தலைக்குக் குளித்த தண்ணீர் மண்டைக்குள் இறங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே ஏதோ தேங்கி நிற்கிறது என்று உடம்பு சொல்வதைச் சரியாகவே கேட்டிருக்கிறார்கள்.

அலர்ஜியின் கதை வேறு. அதில் கிருமியே கிடையாது. தூசிப் பூச்சியின் கழிவு, மகரந்தம், பூஞ்சைத் துகள், கரப்பான்பூச்சியின் எச்சம், பூனையின் எச்சில் காய்ந்த பொடி என்று பிறரை ஒன்றும் செய்யாத ஒரு பொருளை உடம்பு எதிரியாகக் குறித்துவைத்திருக்கும். அது மூக்கில் பட்ட சில நிமிடங்களில் சவ்விலுள்ள செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். ஹிஸ்டமின் நரம்பைச் சீண்டினால் அரிப்பும் தும்மலும், இரத்தக் குழாய்களை விரித்தால் அடைப்பு, சுரப்பிகளைத் தூண்டினால் தண்ணீராய் ஒழுகல். அலர்ஜியின் அடையாளங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பொருளின் பின்னால் வருபவை என்றே சொல்லலாம்.

அரிப்பைக் கேளுங்கள்

மூக்குக்குள் அரிக்கிறதா? கண் நமநமவென்று கசக்கச் சொல்கிறதா? மேலண்ணத்தை நாக்கால் தேய்க்கத் தோன்றுகிறதா? காதுக்குள் விரலை விட்டு ஆட்டுகிறீர்களா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் அலர்ஜி என்ற பக்கம் தராசு வெகுவாகச் சாய்ந்துவிடும். சைனஸ் அழற்சி அரிப்பதில்லை. அது கனக்கும், அழுத்தும், மந்தமாக்கும்.

தும்மலையும் கவனியுங்கள். சளி பிடித்தவர் அங்கொன்று இங்கொன்றாகத் தும்முவார். அலர்ஜிக்காரர் காலையில் பாயைச் சுருட்டும்போதே அடுக்கடுக்காகப் பத்துப் பதினைந்து போடுவார். வீட்டார் எண்ணிக்கொண்டே சிரிப்பார்கள். பல் துலக்கி, காப்பி குடித்து, வெளியே கிளம்பும் நேரத்தில் அது தானாக அடங்கியும் விடும். காரணம் படுக்கையில் இருக்கிறது. தூசிப் பூச்சி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத உயிர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதன் சாப்பாடு, காற்றின் ஈரம்தான் அதன் தண்ணீர். கடலோர ஊர்களின் புழுக்கமும் இலவம்பஞ்சுத் தலையணையும் அதற்கு ஏற்ற இடம். இரவு முழுக்க அதன் கழிவில் முகம் புதைத்துத் தூங்கியவருக்குக் காலையில் வருவதுதான் அந்தத் தும்மல்.

குழந்தைகளிடம் கேட்டறிய வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மாதக்கணக்கில் தேய்த்ததில் மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கும். இரவில் கண் விழித்துப் படிக்கிறான் என்று பாட்டி சொல்வதை நம்பிவிட வேண்டாம். மூக்கடைப்பால் அங்கே இரத்தம் தேங்கி நிற்பதன் நிறமாகவும் அது இருக்கலாம். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இழைப்போ கரப்பான் படையோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அரிப்பு இல்லாத, ஆனால் சைனஸும் அல்லாத ஒரு மூன்றாவது வகை இருக்கிறது. போகியன்று டயர் எரியும் புகை, தீபாவளி வெடிப்புகை, பூஜையறைச் சாம்பிராணி, பக்கத்து இருக்கைக்காரரின் சென்ட், ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்கு வருவது, காரமான மிளகு ரசம் இவற்றால் மட்டும் மூக்கு ஒழுகுகிறது, கண் அரிப்பதில்லை என்றால் அது மூக்குச் சவ்வின் எரிச்சல்தான். அலர்ஜிப் பரிசோதனை செய்தால் எதுவும் தெரியாது. அலர்ஜி மாத்திரையும் இவர்களுக்குச் சரியாகக் கேட்காது. புகையிலிருந்து விலகுவதுதான் முதல் மருந்து.

நாட்களை எண்ணுங்கள்

காய்ச்சலும் உடம்புவலியும் தொண்டைக் கரகரப்பும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் வைரஸ் சளி. மூன்றாம் நான்காம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏழு முதல் பத்து நாளில் இறங்கிவிடும். சளி பிடித்த பெரும்பாலோருக்கு அந்த நாட்களில் சைனஸ் சவ்வும் சற்று வீங்கித்தான் இருக்கும். அது பாக்டீரியா தொற்றாக மாறுவது பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட நடப்பதில்லை. அந்தச் சிலரை அடையாளம் காட்டுவது நாட்களின் போக்கு. டாக்டர்கள் பார்ப்பது மூன்று கோலங்களை.

பத்து நாள் தாண்டியும் துளியும் குறையாமல் அப்படியே நிற்பது ஒன்று. தொடக்கத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும், கெட்டியான சீழ்ச்சளியோ முகவலியோ சேர்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் சுவாரசியமானது: ஐந்தாறு நாளில் நன்றாகிவிட்டது, வேலைக்கும் போயாயிற்று, திடீரென்று மறுபடி காய்ச்சல், தலைபாரம், சளி. இறங்கி மீண்டும் ஏறும் இந்தப் போக்கை "திரும்ப சளி பிடிச்சிக்கிச்சு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் இதை நாள்வாரியாகச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அலர்ஜிக்கு இப்படி ஏற்ற இறக்கக் கணக்கு இல்லை. பொருள் பட்டால் வரும், விலகினால் போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஓதம் பூத்தால் வரும், வெயில் ஏறினால் குறையும். சொந்த ஊருக்குப் போனால் நிற்கும், சென்னை அறைக்குத் திரும்பிய இரவே தொடங்கும். பரணில் ஏறிப் பழைய பெட்டியை இறக்கினால் பத்தே நிமிடத்தில் தொடங்கும். பார்த்தீனியம் மண்டிய காலிமனைக்குப் பக்கத்தில் குடிபோனவர்களுக்கு மழைக்குப் பிறகு அது பூக்கும் வாரங்களில் வரும். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல், நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நிரந்தர வகை என்று வகைப்படுத்துகிறார்கள். அவ்வப்போது ஒரு மாத்திரை என்பது அவர்களுக்குப் போதாது. அலர்ஜியில் காய்ச்சல் வராது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் 101 காட்டினால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஏமாற்றும் இரண்டு

சளி பச்சையானால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. அந்தப் பச்சை கிருமியின் நிறமல்ல. சண்டைக்கு வந்த வெள்ளணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதிக்கே பச்சை நிறம் உண்டு. வைரஸ் சளியிலும் வெள்ளணுக்கள் வரும், அப்போதும் சளி மஞ்சளாகிப் பச்சையாகும். இரவெல்லாம் தேங்கிக் காலையில் முதலில் சிந்துவது யாருக்கும் கெட்டியாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் நிறத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: வாரக்கணக்கில் ஒழுகியும் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருந்தால் அது அலர்ஜியின் பக்கம் ஒரு புள்ளி.

வலி விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் பெரிது. நெற்றியும் கண்ணைச் சுற்றியும் வலித்தால் சைனஸ் தலைவலி என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்ட ஏறத்தாழ 3,000 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து, முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. எப்படி இந்தக் குழப்பம்? முகத்துக்கும் சைனஸுக்கும் உணர்வு தரும் நரம்பு ஒன்றே. மைக்ரேனில் அது கிளர்ந்தால் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும், குனிந்தால் வலி கூடும். சைனஸ் என்று தோன்றாமல் என்ன செய்யும்? ஆனால் மைக்ரேன் விண்விண்ணென்று தெறிக்கும், வயிற்றைப் புரட்டும், வெளிச்சத்தைப் பார்க்கவிடாது, சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் ஓய்ந்துவிடும். மாதம் இரண்டு முறை வந்து ஒருநாள் படுக்கவைத்துப் போகும் "சைனஸ்" உங்களுடையது என்றால் மூக்கு டாக்டரைவிட நரம்பு டாக்டரால் அதிகப் பயன் கிடைக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு நெற்றிச் சைனஸால் தலைவலி என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். நெற்றி அறை ஓரளவு உருவாகவே ஆறேழு வயதாகிவிடும்.

மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களும் இந்தக் கணக்கில் வரும். அவற்றின் வேர் கன்ன அறையின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சைனஸில் தேக்கம் என்றால் நல்ல பல் வலிக்கும். பல்வேர் சீழ்பிடித்தால் சைனஸ் கெடும். ஒரே பக்கம், துர்நாற்றத்தோடு சளி வந்தால் பல் டாக்டரையும் பார்த்துவிடுவது நல்லது.

படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்ற கேள்வி இயல்பு. சாதாரண எக்ஸ்ரேயால் பயன் குறைவு. சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும், சிக்கல் என்னவென்றால் அளவுக்கு மேல் காட்டும். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் புதிதாகச் சளி பிடித்த 31 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 87 சதவீதம் பேரின் கன்ன அறையில் மாற்றம் தெரிந்தது. அவர்களில் சிலருக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே தெளிந்திருந்தது. ஆகவே சளியின் முதல் வாரத்தில் எடுத்த ஸ்கேனை வைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

இரண்டும் சேர்ந்திருந்தால்

இது அரிதல்ல. அலர்ஜியால் சவ்வு நாட்பட வீங்கினால் சைனஸின் துளை அடைபடுவது எளிதாகிறது. வருஷம் முழுக்கத் தும்மிக்கொண்டிருப்பவருக்கு அரிப்பு இல்லாத கனமும் கெட்டிச் சளியும் புதிதாகச் சேர்ந்தால், பழைய நோயின் மேல் புதியது ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பு, சளி, முக அழுத்தம், மணம் தெரியாமை இவற்றில் குறைந்தது இரண்டு பன்னிரண்டு வாரம் தாண்டினால் நாட்பட்ட சைனஸ் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். மணம் தெரியாமைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். தாளிக்கும் பெருங்காய வாசனை மாதக்கணக்கில் மூக்கில் ஏறவில்லை என்றால் உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. கூடவே இழைப்பும், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை போட்டால் மூச்சு முட்டுவதும் இருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது இரண்டு நோய்க்கும் உதவும். அலர்ஜிப் பொருளும் போகும், தேங்கிய சளியும் போகும். அரை லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரை நேரே மூக்கில் விட்ட இருவர், நெக்லேரியா என்ற அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர் மூக்கு வழியாகப் போனால் கொல்லும். ஜல நேத்தி செய்பவர்களுக்கும் இதே விதிதான்.

ஆவி பிடிப்பது நொச்சி போட்டாலும் போடாவிட்டாலும் சற்று நேரம் இதமாக இருக்கும், நோயைக் குணப்படுத்தாது. குழந்தையைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். சளியைவிட வெந்நீர்ப் புண் ஆற அதிக நாளாகும்.

அலர்ஜிதான் என்று தெரிந்தவர்கள் படுக்கையறையிலிருந்து தொடங்கலாம். தலையணை உறை, விரிப்பு இரண்டையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டு நீரில் ஊறவைத்துத் துவைத்தால் தூசிப் பூச்சி சாகும். மெத்தையை வெயிலில் போடுவது ஈரத்தைக் குறைக்கும், ஆனால் கழிவு பஞ்சிலேயே தங்கும். தட்டி உதறுகிற வேலையைத் தும்மாதவர் செய்யட்டும். ஒட்டடை அடிப்பதும் அப்படியே. விளக்குமாற்றைவிட ஈரத்துணி நல்லது.

மருந்துகளில், செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய அலர்ஜி மாத்திரைகள் அரிப்பையும் தும்மலையும் நன்றாகவே அடக்கும், அடைப்பை அவ்வளவாக அடக்காது. பழைய குளோர்ஃபெனிரமின் தூக்கத்தில் தள்ளும். பல சளி மாத்திரைகளுக்குள் ஒளிந்திருக்கும். வண்டி ஓட்டுபவர்களும் புராஸ்டேட் வீக்கமுள்ள பெரியவர்களும் அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். மாண்டிலுகாஸ்ட்டை அலர்ஜித் தும்மலுக்கு முதல் மருந்தாகப் போடுவதை நான் ஏற்கவில்லை. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அதன் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை இட்டது. வேறு மருந்து கேட்காதபோது மட்டும் மூக்கு அலர்ஜிக்குக் கொடுங்கள் என்றும் சொன்னது. நம் ஊரில் அது மிட்டாய்போல விற்கிறது.

நாள்தோறும் தொல்லை தரும் அலர்ஜிக்குச் சிறந்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. பெயரைக் கேட்டே பலர் பயப்படுகிறார்கள். உடம்பில் சேர்வது மிகக் கொஞ்சம். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், இரண்டு நாளில் கைவிட்டால் பயனில்லை. தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது துவாரத்திலும் இடக்கையால் வலது துவாரத்திலும், காதுப்பக்கம் பார்த்து அடியுங்கள். நடுத்தண்டில் அடித்தால் இரத்தம் கசியும். ஸைலோமெடசோலின் போன்ற அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வேறு சங்கதி. நிமிடத்தில் மூக்கைத் திறக்கும், ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். பாட்டில் இல்லாமல் வெளியூர் போக முடியாத நிலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

மேலே சொன்ன மூன்று கோலங்களில் ஒன்று இருந்தால்தான் ஆன்டிபயாடிக் பற்றிய பேச்சே. அப்போதும் முதல் தேர்வு அமாக்ஸிசிலின் வகை. அசித்ரோமைசினுக்கு இந்தக் கிருமிகள் பல பழகிவிட்டன.

காத்திருக்கக் கூடாதவை

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, நெற்றியில் புடைப்பு, கழுத்து விறைக்கும் தலைவலி, பேச்சுக் குழறல்: இவை அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஒரு பக்க முகம் மரத்து, மூக்கிலிருந்து கருப்பாகப் பொருக்கு வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 2021-இல் கொரோனாவுக்குப் பின்னால் வந்த கறுப்புப் பூஞ்சை இப்படித்தான் தொடங்கியது. குனிந்தால் ஒரு துவாரத்திலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டுவது, அதிலும் தலையில் அடிபட்ட பிறகு, மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சின்னக் குழந்தைக்கு ஒரே துவாரத்தில் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கக்கூடும். பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். வீட்டில் நோண்டாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது

இரண்டு வாரம் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்: தும்மல் எந்த நேரம், அன்று எங்கே இருந்தீர்கள், கண் அரித்ததா, காய்ச்சல் இருந்ததா, என்ன மாத்திரை போட்டீர்கள். காலி அட்டைகளையும் கொண்டுபோங்கள். "வெள்ளைக் கலர் சின்ன மாத்திரை" என்றால் யாருக்கும் புரியாது. எதனால் அலர்ஜி என்று அறியத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு எழுதித் தந்தால், அலர்ஜி மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தோல் பொய் சொல்லும். நிறுத்த முடியாத அளவு தொல்லை என்றால் அதே கேள்விக்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு, அதற்கு மாத்திரை தடையில்லை. கடைகளில் நூறு இருநூறு பொருட்களுக்கு ஒரே தொகுப்பாகச் செய்யும் பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன் அந்தக் குறிப்பைக் காட்டி, அதில் எவற்றைப் பார்த்தால் போதும் என்று டாக்டரிடமே கேளுங்கள்.